மிஹோல்தான் திருநாளில் என் மிளகாய் வயலில் நடந்த மோபா குறித்து

அனுப்புநர்:
ரோசாண்டா மிலென்கோவிச்,
சிறு விவசாயி,
மேல் ட்ரெனோவா கிராமம்,
லிபோவாட்ஸ் வட்டாரம்,
தெற்கு செர்பியா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வட்டார வேளாண் உதவி அலுவலகம்,
லிபோவாட்ஸ்.

பொருள்: கூலியில்லாமல் அக்கம்பக்கத்தார் செய்த உதவியைக் கூலி வேலையாகப் பதிந்து ஏழு குடும்பங்களைச் சிறு விவசாயிகள் பட்டியலிலிருந்து நீக்கியதையும், அதைக் காரணம் காட்டி எங்கள் ஊரின் வேளாண் அலுவலரை வேறிடத்துக்கு மாற்றியதையும் ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் ஆய்வாளரின் அறிக்கை, நாள் 12.10.2023.
2. தங்கள் அலுவலக ஆணை, நாள் 23.10.2023.

மதிப்பிற்குரிய இயக்குநர் அம்மையீர் அவர்களுக்கு,

1. நான் மேல் ட்ரெனோவாவில் அரை ஹெக்டேரில் நீளச் சிவப்புக் குடைமிளகாய் பயிரிடுகிறேன். அதைச் சுட்டு, தோலுரித்து, ஐவார் தொக்காகக் கிண்டியும், மிச்சத்தைக் கயிற்றில் கோத்து வற்றலாக்கியும் விற்றுப் பிழைக்கிறேன். பார்வை இரண்டில் காணும் ஆணை கடந்த வாரம் தபாலில் வந்தது. அதன்படி நான் இனிச் சிறு விவசாயி அல்ல. கூலியாட்களை வைத்து வேலை வாங்கும் பண்ணை முதலாளி. ஒரு டிராக்டரும், நான்கு ஆடும், ஒழுகும் கொட்டகையும் வைத்திருப்பவளுக்கு ஒரே தபாலில் இவ்வளவு பெரிய பதவி உயர்வு கிடைத்தது ஊரிலே யாரும் கேள்விப்படாதது. அதற்கு நன்றி சொல்லிவிட்டு, அதைத் திருப்பிக் கொடுக்கவே இம்மனுவை எழுதுகிறேன்.

2. ஆணையின் மறுபாதிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. என் வயலுக்கு வந்த ஆறு வீட்டாரும் கூலிக்குப் போகிறவர்கள், ஆகையால் முழுநேர விவசாயிகள் அல்லர் என்று அவர்கள் பெயரும் நீக்கப்பட்டுள்ளது. இந்த ஏழு பெயர் போனதால் எங்கள் ஊரில் பதிவான சிறு விவசாயிகளின் எண்ணிக்கை தங்கள் விதி கேட்கும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டதாம். எனவே எங்கள் வேளாண் அலுவலர் நெவேனா ஸ்தாங்கோவிச் வரும் டிசம்பர் முதல் தேதியிலிருந்து எங்கள் ஊருக்கு வரமாட்டார் என்று ஆணை சொல்கிறது. என்னை முதலாளி என்று எழுதினால் நான் சிரித்துவிட்டுப் போவேன். நெவேனாவை இழக்க எங்களால் ஆகாது. அதற்காகவே நடந்ததை நடந்தபடி கீழே எழுதுகிறேன்.

3. என் கணவர் மிலுடின் ஆகஸ்ட் மாதம் டிராக்டரிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். அக்டோபர் வந்தும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். வயலில் கடைசிப் பறிப்பு முழுதும் செடியிலேயே நின்றது. பத்தாம் தேதி மாலை நெவேனா வீடு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, பதின்மூன்றாம் தேதி விடிவதற்குள் உறைபனி விழும் என்று எச்சரித்தார். உறைபனி பட்ட மிளகாய் மறுநாள் வெந்த கத்தரிக்காயாய்த் தொங்கும். அதைச் சுடவும் முடியாது, உலர்த்தவும் முடியாது. ஆகவே நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு வீடு வீடாகப் போய் மோபாவுக்கு அழைத்தேன்.

4. மோபா என்பது என்ன என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கள் ஆய்வாளருக்குத் தெரியவில்லை என்பதால் எழுதுகிறேன். ஒரு வீட்டில் கை போதாமல் வேலை தேங்கும்போது, அந்த வீட்டார் அழைக்க, மற்ற வீட்டார் ஒரு நாள் வந்து முடித்துக் கொடுப்பது மோபா. படுத்த படுக்கையாய்க் கிடந்தாலொழிய மறுக்கக் கூடாது. கூலி என்ற பேச்சே வரக் கூடாது. அழைத்த வீடு வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். நாளைக்கு அவர்கள் அழைத்தால் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் இதைப் பெரும்பாலும் சிறு திருநாட்களில் வைத்துக்கொள்வோம். ஏனென்றால் திருநாளன்று சொந்த வயலில் கை வைத்தால் பாவம், கூலிக்குப் போனால் அதைவிடப் பாவம், பிறருக்குச் சும்மா கைகொடுத்தால் மட்டும் பாவமில்லை. பன்னிரண்டாம் தேதி மிஹோல்தான் என்னும் புனிதர் திருநாள். ஆறு வீட்டிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். விடியும்போதே பாட்டுச் சத்தத்தோடு வந்தார்கள் என்பதையும் இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன்.

5. தங்கள் ஆய்வாளர் நண்பகலில் வந்தார். அப்போது எல்லோரும் என் முற்றத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டேன். பழச்சாராயமான ராக்கியா ஊற்றினேன், வேண்டாம் என்றார். ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்தேன், தொடவில்லை. பீன்ஸ் குழம்பை ஊற்றிக் கையில் கொடுத்தேன். அதைக் கீழே வைத்துவிட்டுத் தம் கோப்பு ஒன்றைத் திறந்தார். என் வீட்டு முற்றத்திலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்து போன முதல் மனிதர் அவர்தான்.

6. அறிக்கையில், "உரிமையாளர் வயலில் இறங்கி வேலை செய்யாமல் மேற்பார்வை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்" என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறார். உண்மைதான். திருநாளில் என் சொந்த மிளகாயை நான் பறிக்கக் கூடாது. அதனால் காலை நான்கு மணிக்கே எழுந்து பன்னிரண்டு பேருக்குச் சமைத்து, ரொட்டி சுட்டு, பரிமாறி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இதற்கு மேற்பார்வை என்று பெயர் என்றால், எங்கள் ஊரில் முதலாளிகள் எல்லோரும் பெண்கள்தான் என்று தாங்கள் குறித்துக்கொள்ளலாம்.

7. இனி வாக்குமூலங்கள். அறிக்கையில் அவை அலுவலக நடையில் எழுதப்பட்டுள்ளன. பேசியது வேறு மாதிரி. நான் குழம்புப் பாத்திரத்தோடு பக்கத்திலேயே நின்றிருந்ததால், பேசியதைப் பேசியபடியே கீழே தருகிறேன். மோபாவுக்கு வந்தவர்கள் அழைத்த வீட்டாரைக் கேலி செய்துகொண்டேதான் சாப்பிடுவார்கள் என்பதை மட்டும் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கேலி செய்யாமல் ஒருவர் சாப்பிட்டால் அவருக்கு என்மேல் கோபம் என்றுதான் பொருள்.

முதலாவது, என் அடுத்த வயல்காரர் க்வோஸ்டென். இந்தம்மா உங்களுக்கு என்ன கூலி தருகிறார் என்று ஆய்வாளர் கேட்டார். அவர் சொன்னது: "கூலியா? நல்லாக் கேட்டீங்க சார். இவ போடுற பீன்ஸ் குழம்புதான் கூலி. அதுல கறித்துண்டு எங்க இருக்குன்னு தேட, நான் மூக்குக் கண்ணாடிய வேற வீட்ல மறந்துட்டு வந்துட்டேன்." பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அறிக்கையில் இருப்பது: "கூலி உணவாக வழங்கப்படுகிறது. அளவிலும் தரத்திலும் குறைபாடு உள்ளதாகத் தொழிலாளி தெரிவித்தார்." அம்மையீர், அன்று அந்தக் குழம்பில் புகையிட்ட விலாக்கறி எவ்வளவு கிடந்தது என்பதை க்வோஸ்டென் மூன்றாவது முறை தட்டை நீட்டியதிலிருந்தே தாங்கள் ஊகிக்கலாம்.

இரண்டாவது, ஸ்வெதானா. எனக்கு வலப்பக்கத்து வீடு. நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பாக்கி ஏதாவது உண்டா என்று அவளைக் கேட்டார். "இல்லாம என்ன சார்? போன வருஷத்துலேர்ந்து எனக்கு ரெண்டு நாள் பாக்கி வெச்சிருக்கா. கேட்டா, புருஷன் காலு ஒடிஞ்சு போச்சுங்கறா. அந்தக் கால ஒடிச்சதே இவதான்னு ஊரே பேசிக்குது, நீங்க கொஞ்சம் விசாரிங்களேன்!" இதைச் சொல்லிவிட்டு அவள் மிலுடினின் தோளைத் தட்ட, அவர், "ஆமா சார், சாட்சிக்கு டிராக்டர் இருக்கு" என்றார். ஸ்வெதானாவின் இரண்டு நாள் என்பது, சென்ற ஆண்டு அவள் மோபாவுக்கு அழைத்தபோது நான் காய்ச்சலில் கிடந்து போக முடியாமல் விட்ட இரண்டு நாள். அறிக்கையில் அது "இரண்டு நாள் கூலி நிலுவை" ஆயிற்று. என் கணவரின் கால் "தனி விசாரணைக்கு உரியது" என்று குறிக்கப்பட்டுள்ளது. அந்த விசாரணைக்கு யாராவது வந்தால் கணவரும் டிராக்டரும் தயாராக இருக்கிறார்கள்.

மூன்றாவது, தலைத்துணியும் என் கணவரின் பழைய ரப்பர் பூட்ஸுமாக, முழங்கை வரை மண்ணோடு கடைசியில் உட்கார்ந்திருந்த பெண். யாரிடம் வேலை செய்கிறாய் என்று ஆய்வாளர் கேட்டார். அவர் எழுந்து நின்று, மிக மரியாதையாக, "வேளாண் உதவி அலுவலகத்துல சார். நீங்க வேலை செய்ற அதே அலுவலகந்தான்" என்றார். அன்று முழுவதும் சிரிக்காத தங்கள் ஆய்வாளர் அப்போதுதான் சிரித்தார். "அப்படியா? அப்ப நான் விவசாய மந்திரிம்மா" என்றார். அந்தப் பெண்தான் நெவேனா. அன்று அவர் முறையாக விடுப்பு எடுத்துக்கொண்டு, தாம் எச்சரித்த உறைபனியிலிருந்து என் மிளகாயைக் காப்பாற்றத் தாமே வந்திருந்தார். அடையாள அட்டையை எடுக்க அவர் என் வீட்டுக்குள் போய் வருவதற்குள் ஆய்வாளரின் வண்டி கிளம்பிவிட்டது. அறிக்கையில் பன்னிரண்டாவது ஆளாக, "நெவேனா, பெண் தொழிலாளி, அடையாளச் சான்று இல்லை" என்று இருக்கிறது. கேலியை எல்லாம் உண்மையென்று எழுதிக்கொண்டவர், அங்கே சொல்லப்பட்ட ஒரே அலுவல் உண்மையைக் கேலி என்று விட்டுவிட்டார். இப்போது தங்கள் அலுவலகம் நெவேனாவிடம், அனுமதியின்றி வேறிடத்தில் கூலி வேலை பார்த்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருப்பதாக அறிகிறேன்.

8. எல்லோரும் படித்துப் பார்த்துத்தானே கையொப்பமிட்டார்கள் என்று தங்கள் ஆணை கேட்கிறது. நியாயமான கேள்வி. உள்ளதைச் சொல்கிறேன்: யாரும் படிக்கவில்லை. ராக்கியா வேண்டாம் என்றார், ரொட்டி வேண்டாம் என்றார், கடைசியில் காபிகூட வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்த மனிதர் வெறுங்கையோடு போவது எங்களுக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று தங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று, கையொப்பம். "பாவம், இதையாவது குடுத்து அனுப்புங்கப்பா" என்று க்வோஸ்டென் சொல்ல, எல்லோரும் பேனாவைக் கைமாற்றிக் கைமாற்றிப் போட்டுக் கொடுத்தார்கள். இந்த ஏமாளித்தனத்தை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் விருந்தோம்பலாகக் கொடுத்ததை வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது எந்த ஊர் மரியாதை என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

9. நெவேனாவைப் பற்றி ஒரு பத்தி எழுத அனுமதிக்க வேண்டும். அவர் எங்கள் ஊருக்கு வந்து மூன்று ஆண்டு ஆகிறது. அதற்கு முன்பு எங்கள் மிளகாய்ச் செடிகள் காய்க்கும் பருவத்தில் நின்ற நிலையிலேயே வாடி விழுந்துகொண்டிருந்தன. நாங்கள் மழையைத் திட்டினோம், விதைக் கடைக்காரனைத் திட்டினோம். அவர் வேரைத் தோண்டிப் பார்த்து, ஒரே மண்ணில் ஆண்டுதோறும் மிளகாய் போட்டு அந்த மண்ணில் நோயைக் குடிவைத்திருக்கிறீர்கள், மூன்று நான்கு ஆண்டுக்கு வேறு பயிர் போடுங்கள் என்றார். ஆளுக்கு அரை ஹெக்டேர் வைத்திருப்பவர்கள் மிளகாயை நிறுத்தினால் எதைச் சாப்பிடுவது? வழக்கமான அலுவலர் என்றால் அறிவுரையோடு வண்டி ஏறியிருப்பார். நெவேனா ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "நீங்க வேலைய மாத்திக்கிற மாதிரி வயலையும் மாத்திக்கிட்டா என்ன?" என்று கேட்டார். அப்படித்தான் இப்போது க்வோஸ்டெனின் கோதுமை என் நிலத்தில் விளைகிறது, என் மிளகாய் அவர் நிலத்தில் காய்க்கிறது. மிளகாய் நிற்கும் அந்த நிலத்தைத்தான் இந்த மனுவில் என் வயல் என்கிறேன். எந்த வயலில் யார் எந்தப் பயிர் என்று முறை வைத்து மாற்றிக்கொள்கிறோம். வாடல் நோய் எங்கள் ஊரைவிட்டு ஏறக்குறையப் போய்விட்டது. இதைப் பார்க்கப் பக்கத்து வட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள். இதைச் செய்து காட்டியவர்கள் நாங்கள். செய்ய முடியும் என்று கண்டு சொன்னவர் அவர். ஒரு ஊருக்கு உதவி என்று அனுப்பிய ஆள் இப்படி வேலை செய்தால் அந்த அலுவலகம் நெஞ்சை நிமிர்த்த வேண்டும். இங்கே அவர்மேல் விளக்கம் கேட்பு ஓடுகிறது. எனக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்கிறது என்பதை மரியாதைக் குறைவாக நினைக்காமல் ஏற்க வேண்டும்.

10. ஆணை வந்த மறுநாள் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் நல்ல மனிதர். பெயர் சொல்லி அவருக்குத் தொல்லை தர விரும்பவில்லை. "நீங்க பேசாம அந்தப் பதினோரு பேருக்கும் ஏதோ ஒரு சின்னத் தொகை கூலின்னு குடுத்து, ரசீது வாங்கிட்டு வந்துருங்கம்மா. திருநாளுங்கறதால இரட்டைக் கூலின்னு விதி இருக்கு, அதையும் பார்த்து ஒழுங்கு பண்ணிடலாம். நிலுவை தீந்ததுன்னா உங்க பேரைப் பட்டியல்ல மறுபடி சேக்க வழி இருக்கு, ஊர்க் கணக்கும் சரியாயிடலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நெவேனா போகக் கூடாதே என்ற பதற்றத்தில், ஒரு கணம் நானும் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் வற்றல் விற்ற பணம் இருந்தது.

அன்று மாலை வேலியருகே க்வோஸ்டெனிடம் இதைச் சொன்னேன். அவர் கேலிக்குப் பெயர் போனவர். அன்று கேலி செய்யவில்லை. "ரோசாண்டா, காசத் தூக்கிக்கிட்டு என் வாசலுக்கு வந்தேன்னா நாய அவுத்து விட்டுருவேன். காசு வாங்கின கையோட நான் நாளைக்கு உன்ன எப்படி உதவிக்குக் கூப்பிடறது? நீ எப்படி என்னக் கூப்பிடறது? நெவேனாவ வெச்சுக்கறதுக்கு நம்மள நாமே வித்துக்கணுமா?" என்றார். மோபாவுக்கு ஒரு தினார் கூலி என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால், என் பெயர் தங்கள் பட்டியலில் திரும்ப வரும். ஆனால் அடுத்த உறைபனிக்கு நான் யார் கதவையும் தட்ட முடியாது. எனவே அந்த யோசனையை நன்றியோடு மறுக்கிறேன்.

11. நாங்கள் சலுகை கேட்கவில்லை. மானியத்தைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்கவில்லை. தந்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டோம். சிறு விவசாயிக்கு உதவி என்று ஒரு அலுவலகம் இருந்தால், சிறு விவசாயி எப்படி வாழ்கிறான் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம். அரை ஹெக்டேர்க்காரன் கூலியாள் வைக்க முடியாது. தனியாக ஒரே நாளில் பறிக்கவும் முடியாது. எங்கள் ஊர் இன்னும் ஊராக நிற்பது, ஒருவர் வேலையை இன்னொருவர் தம் வேலையாக எடுத்துக்கொள்வதால்தான். தங்கள் விதி அதையே குற்றம் என்று சொன்னால், விதிப்படி வாழக்கூடிய சிறு விவசாயி இந்த வட்டாரத்தில் ஒருவரும் மிஞ்சமாட்டார்.

12. ஆகவே அம்மையீர் அவர்களைக் கேட்டுக்கொள்வதாவது:

(அ) பார்வை ஒன்றில் கண்ட அறிக்கையைத் தள்ளுபடி செய்து, ஏழு குடும்பங்களின் பெயரையும் பட்டியலில் மீண்டும் சேர்க்க வேண்டும்.

(ஆ) நெவேனா ஸ்தாங்கோவிச்மீதான விளக்கம் கேட்பைக் கைவிட்டு, அவரை எங்கள் ஊருக்கான அலுவலராகவே தொடர வைக்க வேண்டும். இப்போது அவர் ஒருவர் ஒன்பது ஊர்களைப் பார்க்கிறார். அவரை நீக்குவதைப் பற்றி யோசிக்கும் நேரத்தில், அவருக்குத் துணையாக இன்னொருவரை நியமிப்பது பற்றித் தாங்கள் யோசிக்கலாம்.

(இ) மோபா கூலி வேலை அல்ல என்று விதியில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் எங்களைக் கேட்கலாம்.

(ஈ) மண்ணைப் பரிசோதிக்க எங்கள் மண் ஒவ்வொரு முறையும் லிபோவாட்ஸுக்குப் போய் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறது. முடிவு வருவதற்குள் நடவு முடிந்துவிடுகிறது. இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். இதைப் பற்றித் தனி மனுவே எழுதலாம், இப்போதைக்கு நினைவூட்டுகிறேன்.

13. இதைப் படிக்கும்போது தங்களுக்கு என்மேல் சினம் வரலாம். ஒரு மிளகாய்க்காரி இவ்வளவு நிமிர்ந்து எழுதுகிறாளே என்று தோன்றலாம். பதின்மூன்றாம் தேதி விடிவதற்குள் உறைபனி விழுந்தது, அம்மையீர். அண்டை ஊர்களில் வயல் வயலாய்க் கருகிப்போயிற்று. என் வயலில் ஒரு மிளகாய்கூடச் செடியில் இல்லை. எல்லாம் என் கொட்டகையில், மேலிருந்து கீழ்வரை சிவப்பாகத் தொங்கின. அந்தக் கொட்டகை வாசலில் நின்ற நிமிர்வுதான் இந்த மனுவிலும் இருக்கிறது. அதைக் குறைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

14. வரும் டிசம்பர் முதல் தேதி ஸ்வெதானா வீட்டில் நாற்றுக்கூடத்துக்குப் புது மரச்சட்டம் கட்ட மோபா வைத்திருக்கிறோம். நேற்று அவள் போய் நெவேனாவையும் அழைத்தாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மாற்றல் ஆணை ரத்தானாலும் ஆகாவிட்டாலும் அன்று காலை அவர் எங்கள் ஊருக்கு வருவார். அவரை எங்கள் ஊர்க்காரியாக ஆக்கிக்கொள்ள எங்களுக்கு எந்த அலுவலகத்தின் ஒப்புதலும் தேவைப்படவில்லை, அது ஆகிவிட்டது. அன்று அவர் தங்கள் அலுவலராகவும் இருப்பாரா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் தங்களிடம் இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தங்கள் நீதியில் நம்பிக்கை வைத்து,

ரோசாண்டா மிலென்கோவிச்
(கையொப்பம்)

இடம்: மேல் ட்ரெனோவா
நாள்: 30.10.2023

உடன் கையொப்பமிட்டோர்: க்வோஸ்டென், ஸ்வெதானா, மற்ற நான்கு வீட்டார், மேலும் இந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் தாமாகவே வந்து கையொப்பமிட்ட ஊரார் அனைவரும்.